ஐம்பத்தொரு சதவீத வானம்

அமெரிக்காவில் ஒருவர் தம் கையால் கட்டிய விமானத்தில் நாம் பயணியாக ஏறி அமர்ந்தால், கண்ணுக்கு நேரே ஒரு தகடு தெரியும். இது ஆர்வலர் ஒருவரால் கட்டப்பட்டது, வழக்கமான விமானங்களுக்கு அரசு வகுத்துள்ள பாதுகாப்பு விதிகளுக்கு இது இணங்கியதன்று என்னும் பொருளில் அதில் எழுதியிருக்கும். அதை இருக்கைக்குக் கீழே ஒட்டி மறைத்துவிட முடியாது. அமர்பவர் பார்வையில் படவேண்டும் என்பது விதி. போதாததற்கு, ஏறும் வழியருகே 'பரிசோதனை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கும். தன்னை நம்பி வருகிறவனிடம் இத்தனை வெளிப்படையாகப் பேசுகிற இயந்திரம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. கவிதைத் தொகுப்புகளின் முன்னட்டையிலும் இப்படியொரு தகடு கட்டாயம் என்று விதி வந்தால் நம் பதிப்பாளர்கள் என்ன செய்வார்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதை அவரிடமே விட்டுவிடுவோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் விமானத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது. அதன் வரலாறு சிறுபத்திரிகை படித்து வளர்ந்தவர்களுக்கு அந்நியமாக இராது. 1953 ஜனவரி 26 அன்று விஸ்கான்ஸின் மாநிலத்து மில்வாக்கி நகரின் கர்டிஸ்-ரைட் விமானத் திடலில் பால் பொபெரெஸ்னி என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் கூடி, சொந்தமாக விமானம் கட்டுவோருக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினர். எக்ஸ்பெரிமெண்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்று பெயரிட்டார்கள். பரிசோதனை விமானச் சங்கம் எனலாம். அலுவலகம் பொபெரெஸ்னியின் வீட்டு நிலவறை. கடிதங்களையும் சந்தாக்களையும் கவனித்துக்கொண்டவர் அவர் மனைவி ஆட்ரி. சில பக்கங்கள் கொண்ட ஒரு செய்தி மடல் வெளிவந்தது. தமிழில் எத்தனை பத்திரிகைகள் இவ்வாறே ஒரு வீட்டின் முன்னறையில், மனைவியின் உழைப்பைக் கணக்கில் காட்டாமல் நடந்தன என்பதை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த முதல் கூடுகைக்குப் பெயர் பதிந்தவர்கள் 150 பேருக்கும் குறைவு. 1955இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேடட்' என்னும் பத்திரிகையில் 'பேபி ஏஸ்' என்ற சிறிய விமானத்தை எஞ்சின் உட்பட 800 டாலருக்குள் கட்டுவது எப்படி என்று பொபெரெஸ்னி தொடராக எழுதினார். உறுப்பினர் எண்ணிக்கை கிடுகிடுவென்று உயர்ந்தது. இன்று உலகெங்கும் அதற்குச் சுமார் மூன்று லட்சம் உறுப்பினர்கள்.

எனினும் அடிப்படைப் போராட்டம் சங்கத்துக்கு முந்தியது. 1930களின் கட்டுப்பாடுகளால் அமெரிக்காவின் பெரும்பகுதியில் வீட்டில் கட்டிய விமானத்தைச் சட்டப்படி பறக்கவிட வழியில்லாமல் போயிற்று. ஆரெகன் போன்ற விதிவிலக்குகளே எஞ்சின. அந்த ஆரெகனிலிருந்து ஜார்ஜ் போகார்டஸ் என்பவர் 1947இல் 'லிட்டில் ஜீ பீ' என்ற தம் சிறிய ஒற்றை இருக்கை விமானத்தில் கண்டத்தையே கடந்து வாஷிங்டன் போய் இறங்கினார். வீட்டில் கட்டியது தாங்காது என்று சொல்லும் அதிகாரிகளுக்கு வீட்டில் கட்டியதிலேயே வந்து பதில் சொல்வது நல்ல வாதமுறைதான். 1950களின் தொடக்கத்தில் ஆர்வலர் கட்டும் விமானங்களுக்கு விதிப்புத்தகத்தில் தனியிடம் கிடைத்ததில் அவருடைய பங்கு பெரிது. அந்த விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவ்விதியின் சொற்கள் கூர்ந்து படிக்கத்தக்கவை. விமானத்தின் பெரும்பகுதியை, தம் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே அவ்வேலையில் இறங்கியவர்கள் செய்து பொருத்தியிருக்க வேண்டும் என்கிறது அது. 'பெரும்பகுதி' என்பதைத்தான் எல்லாரும் ஐம்பத்தொரு சதவீத விதி என்று செல்லமாக அழைக்கிறார்கள். நம்மை நிறுத்தியது சதவீதமன்று, கல்வி என்ற சொல். ஒரு மனிதன் கற்றுக்கொள்வதற்காக ஆபத்தை மேற்கொள்ளலாம் என்று ஓர் அரசாங்கம் சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறது. விமானத்தைக் கட்டியவர் விண்ணப்பித்தால், அந்த ஒரு விமானத்தை மட்டும் ஆண்டுதோறும் பரிசோதித்துச் சான்றளிக்கும் தகுதியை அவருக்கு அரசு வழங்குகிறது. விமானத்தை அவர் விற்றுவிட்டால், வாங்கியவருக்கு அத்தகுதி மாறுவதில்லை. பொருளை விற்கலாம், கட்டும்போது கைவந்த அறிவை விற்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சட்டமொழியில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

சங்கம் இல்லாமல் தனி மனிதரின் கனவு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்ஸில் ஒரு துயரமான முன்னுதாரணம் உண்டு. ஆன்ரி மின்யே என்பவர் 1930களில் மிக எளிய விமானம் ஒன்றை வடிவமைத்தார். 'வானத்துப் பேன்' என்று பெயர். அதைக் கட்டும் முறையை விளக்கி 1934இல் ஒரு நூல் எழுதினார். பெட்டி அடிக்கத் தெரிந்தவன் விமானமும் செய்யலாம் என்ற நம்பிக்கையை அந்நூல் சாதாரண மக்களிடம் விதைத்தது. பிரான்ஸிலும் பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கானோர் மரத்தையும் துணியையும் வாங்கிக்கொண்டு வேலையில் இறங்கினர். பிறகு ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். 1936இல் இரு நாடுகளின் காற்றுச் சுரங்கங்களிலும் முழு அளவு விமானத்தை வைத்துச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒன்றன் காற்றோட்டத்தை ஒன்று பாதித்ததால், குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் மூக்கு தாழ்ந்துவிட்டால் விமானியால் அதை நிமிர்த்தவே இயலாது. வாசகர்கள் ஏராளமாக இருந்தார்கள். ஆனால் ஒருவன் கண்ட கோளாறு மற்றவனை உரிய காலத்தில் எட்டுவதற்கு வழியில்லை. மின்யேயை நாம் பழிக்கவில்லை. அவரும் தம் விமானத்தில் தாமே பறந்தவர்தான்.

நம் நாட்டிலும் ஒரு தனி மனிதர் உண்டு. மும்பையில் தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டிய விமானி அமோல் யாதவ். 2016இல் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வந்தது. 2017இல் பதிவு கிடைத்தது. பறப்பதற்கான அனுமதி 2019இல்தான். அதன் பதிவெழுத்துகளில் பிரதமரின் பெயருக்கும் மகாராஷ்டிர முதல்வரின் பெயருக்கும் உரிய எழுத்துகள் நன்றியாக இடம்பெற்றன. யாதவின் விடாமுயற்சிக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அந்த எழுத்துகளைப் படிக்கும்போது உறுத்துகிறது. விஸ்கான்ஸினில் ஒரு தச்சரோ பல்மருத்துவரோ படிவத்தை நிரப்பிப் பெறுவதை, இங்கு ஒருவர் ஆட்சியாளரின் அருளாகப் பெறவேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் இல்லை.

சங்கம் உண்மையில் செய்வது என்ன? வெளியே தெரிவது ஆண்டுக் கூடுகை. அதற்குப் பிறகு வருவோம். வெளியே தெரியாத வேலை ஒன்று உண்டு. தொழில்நுட்ப ஆலோசகர்கள் என்று சங்கத்தில் சில மூத்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். விமானம் கட்டி அனுபவப்பட்டவர்கள். ஊதியம் கிடையாது. கட்டுகிறவர் அழைத்தால் அவர் வீட்டு கார் ஷெட்டுக்கு வந்து, இறக்கையின் மேல்தகட்டை ரிவெட் அடித்து மூடுவதற்கு முன் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். மூடிவிட்டால் பிறகு யாருக்கும் தெரியாது. காற்றுக்கு மட்டும் தெரியும். ஆலோசகருக்கு அதிகாரம் ஒன்றுமில்லை, சான்றிதழும் தருவதில்லை. இந்த ரிவெட் சரியாக உட்காரவில்லை, இந்தக் கம்பி உராய்கிறது என்று சொல்வார். கேட்பதும் கேட்காததும் கட்டுகிறவர் விருப்பம். நல்ல பத்திரிகையாசிரியர் ஒரு கைப்பிரதியை வைத்துக்கொண்டு செய்வதும் ஏறக்குறைய இதுவே. முதல்முறை பறக்கப் போகிறவரோடு உட்கார்ந்து, இந்த விமானத்துக்கு நீ தயாரா என்று பேசும் பறத்தல் ஆலோசகர்களும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது கண் எத்தனை அவசியம் என்பதற்கு இரண்டு மரணங்களைச் சொல்லவேண்டும்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது பர்ட் ரூட்டன் வடிவமைத்த 'லாங்-ஈஸி' என்ற வகை. அதைக் கட்டியவர் வேறொருவர். டென்வர் அண்மையில்தான் வாங்கியிருந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடி ரூட்டனின் வரைபடத்தில் விமானியின் கால்களுக்கிடையே இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். எரிபொருள் குழாய் விமானி அமரும் அறைக்குள் வரவேண்டாமே என்ற எச்சரிக்கையால் செய்த மாற்றம் அது. கைப்பிடியைத் தொட உடலைத் திருப்பவேண்டும்; திரும்பும்போது கால் சுக்கான் மிதியை அழுத்திவிடும். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு சொன்னது. கட்டியவருக்கு அந்தக் கைப்பிடியின் காரணமும் பழக்கமும் தெரிந்திருக்கும். வாங்கியவருக்குக் கிடைத்தது கைப்பிடி மட்டும்.

டென்வரின் கதையைச் சொல்பவர்கள் பலர். ஸ்டீவ் விட்மனின் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. விட்மன் பந்தய விமானி, வடிவமைப்பாளர், ஆஷ்காஷ் நகர விமானநிலையத்தைப் பல பத்தாண்டுகள் நிர்வகித்தவர். அந்த விமானநிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான். 1995 ஏப்ரலில் தம் 91ஆம் வயதில், தாமே வடிவமைத்துத் தாமே கட்டிய விமானத்தில் மனைவியுடன் ஃபுளோரிடாவிலிருந்து ஆஷ்காஷுக்குப் பறந்துகொண்டிருந்தபோது அலபாமா மாநிலத்தில் விழுந்து இருவரும் இறந்தார்கள். இறக்கையின் மேல் போர்த்திய துணி உரிய முறைப்படி ஒட்டப்படாததால் பெயர்ந்து, இறக்கை அதிர்ந்து முறிந்திருந்தது. வாழ்நாள் முழுதும் விமானம் கட்டியவரின் கையிலும் பசை சரியாகப் பிடிக்காமல் போகும். அவர் பணிமனையில் உள்ளே எட்டிப் பார்த்து ஒரு சொல் சொல்லும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்? மேதையின் கைப்பிரதியைத் திருத்த அஞ்சும் பதிப்பாசிரியரின் சங்கடம்தான்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் சொன்னது. 2011இல் பொதுப் பயன்பாட்டு விமானங்களில் ஆர்வலர் கட்டியவை சுமார் 10 சதவீதம். விபத்துகளில் அவற்றின் பங்கு 15 சதவீதம், உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் 21 சதவீதம். எஞ்சின் கோளாறும், பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதுமே முதன்மையான காரணங்கள். புதிய விமானத்தின் தொடக்க காலப் பறத்தல்களும், பழைய விமானத்தைப் புதிதாக வாங்கியவரின் முதற் பறத்தல்களும் மிக ஆபத்தானவை என்றும் தெரிந்தது. இந்த ஆய்வுக்கு உறுப்பினர்களிடம் தகவல் திரட்டித் தந்தது சங்கமே. தனக்கு எதிராகத் திரும்பக்கூடிய எண்களைத் தானே எடுத்துக் கொடுத்த அமைப்பு என்ற வகையில் நம் மதிப்பு உயர்கிறது. பலனும் இருந்தது. அதுவரை சோதனைப் பறத்தல் கட்டத்தில் விமானி தனியாகவே பறக்கவேண்டும் என்றிருந்த விதி 2014இல் தளர்ந்து, தகுதியுள்ள இன்னொரு விமானியும் உடனிருக்க வழி பிறந்தது.

இனி ஆஷ்காஷ். 1970 முதல் ஆண்டுக் கூடுகை அங்கேதான் நடக்கிறது. ஜூலை இறுதியில் ஒரு வாரம். சுமார் பத்தாயிரம் விமானங்கள் அவ்வட்டாரத்துக்கு வந்து சேர்கின்றன. 2025இல் வருகை ஏழு லட்சத்தைத் தாண்டியது. அவ்வாரத்தில் அந்தக் கட்டுப்பாட்டுக் கோபுரமே உலகில் மிகுந்த நெரிசல் உள்ளது. விமானங்கள் ரிப்பன் என்ற சிற்றூரிலிருந்து ஃபிஸ்க் வரை ரயில் பாதையைத் தொடர்ந்து வரிசையாக வரவேண்டும். ஃபிஸ்கில் தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் தொலைநோக்கியில் பார்த்து, நிறத்தையும் வடிவத்தையும் சொல்லி அழைக்கிறார்கள். விமானி வானொலியில் மறுமொழி சொல்லக்கூடாது. இறக்கையை ஆட்டிக் காட்டவேண்டும். ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் வரைந்திருக்கும். உனக்குப் பச்சைப் புள்ளி, பின்னால் வருபவனுக்கு ஆரஞ்சு என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஊர்த் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கும் ஒழுங்கு நினைவுக்கு வருகிறது. வேலை செய்வோரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

நமக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, மனக்குறையும் உண்டு. திருவிழா பெரிதாகப் பெரிதாக, மூலவரைப் பார்க்க வருகிறவர்கள் குறைகிறார்கள். போர் விமானங்கள், ஜெட் சாகசங்கள், பெருநிறுவனங்களின் கூடாரங்கள் என்று திடல் நிறைய, வீட்டில் கட்டியவை ஒரு பகுதிக்குள் அடங்கிவிட்டன. கோபுரச் செலவுக்கென்று 2013இல் விமானப் போக்குவரத்து நிர்வாகம் நான்கு லட்சத்து 47 ஆயிரம் டாலர் கேட்டதும், சங்கம் எதிர்ப்புத் தெரிவித்துவிட்டுக் கட்டியதும் திருவிழாவின் அளவு கொண்டுவந்த சங்கடங்கள். ஆனால் இவை சிறிய விஷயங்கள். நம் உண்மையான வருத்தம் 2008ஐப் பற்றியது.

அப்போது கட்டுமானத் தொகுதிகள் பெருகிவிட்டிருந்தன. தொழிற்சாலையிலேயே பாதி முடித்து அனுப்பும் விரைவுத் தொகுதிகள் வந்தன. காசு கொடுத்தால் கட்டித் தரும் உதவி மையங்களும் முளைத்தன. உரிமையாளர் சில நாள் போய்க் கைகொடுத்தால் போதும். 'ஆர்வலர் கட்டியது' என்ற சொல் பொய்யாகிக்கொண்டிருந்தது. ஆகவே 2008இல் நிர்வாகம் ஒரு வரைவை முன்வைத்தது. ஐம்பத்தொரு சதவீதத்துக்குள் குறைந்தது 20 சதவீதம் பாகங்களை உருவாக்குவதாகவும், 20 சதவீதம் பொருத்துவதாகவும் இருக்கவேண்டும். பொருத்தினால் மட்டும் போதாது, செய்யவும் வேண்டும். சங்கம் கடுமையாக எதிர்த்தது. 2009இல் வந்த இறுதி வடிவத்தில் அந்தப் பிரிவினை இல்லை.

சங்கத்தின் வாதம் அற்பமானதன்று. தொழிற்சாலை துளையிட்ட தகடு கையால் துளையிட்டதைவிடத் துல்லியமானது. பல்லாண்டு உழைக்க முடியாதவர்களுக்கு விரைவுத் தொகுதிதான் வாசல். எண்களை வைத்துக்கொண்டு அதிகாரிகள் ஒவ்வொரு பணிமனையிலும் நுழைய இடம் கொடுத்தால் அது எங்கே போய் முடியும்? அஞ்சத்தக்க கேள்விதான். ஆயினும் அன்று சங்கம் காத்தது உறுப்பினரின் கல்வியையா, தொகுதி விற்பவரின் சந்தையையா என்ற ஐயம் நமக்குத் தீரவில்லை. டென்வர் ஓட்டிய விமானத்தின் குறை, அதைப் பற்றிய அறிவு ஒருவர் கையிலும் ஓட்டும் பொறுப்பு இன்னொருவர் கையிலும் இருந்தது. உதவி மையத்தில் பிறர் கட்டித் தந்ததை ஓட்டுகிறவரும் முதல் நாளிலேயே அந்நிலையில்தான் இருக்கிறார். கட்டியவர் தாம் என்று படிவத்தில் கையெழுத்திட்டிருப்பார் என்பதே வேறுபாடு.

2023இல் நடந்தது இதற்கு மறுபக்கம். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் ஆரெகனில் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட், தொகுதி விற்கும் நிறுவனங்களில் முதன்மையானது. அதன் விமானங்கள் பல்லாயிரம் பறக்கின்றன. துளைகளை லேசர் கொண்டு வெட்டிய பாகங்களில், ரிவெட் தலை பதியும் குழிவை அழுத்தும்போது விளிம்புகள் விரிசல் விட்டன. தம் பட்டறையில் ஒவ்வொரு துளையாகத் தடவிப் பார்த்து வேலை செய்த வாடிக்கையாளர்கள் அதைக் கவனித்தார்கள், ஒருவருக்கொருவர் சொன்னார்கள். நிறுவனம் டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரும் நிலைக்குப் போய், மறுசீரமைப்புக்குப் பின் 2024இல் மீண்டது. கூடுதல் விலையைப் பெரும்பான்மை வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். துளையைத் தடவிப் பார்க்கும் விரல் உரிமையாளருடையதாக இருந்ததால் நேர்ந்த நன்மை இது.

இப்போது சூழல் மாறியிருக்கிறது. இலகு விளையாட்டு விமானங்களுக்கான பழைய எடை வரம்பை நீக்கி, பெரிய விமானங்களையும் அவ்வகையில் தொழிற்சாலைகளே கட்டி விற்க வழிசெய்யும் புதிய விதி 2025 ஜூலையில் ஆஷ்காஷ் கூடுகையிலேயே அறிவிக்கப்பட்டது. அதற்காகப் பல்லாண்டு வாதாடியவற்றுள் சங்கமும் ஒன்று. வெறுமனே பறக்க விரும்புகிறவர், குறைந்த செலவில், யாரிடமும் நடிக்காமல், கட்டிமுடித்த விமானத்தை வாங்கிக்கொள்ளும் வழி இனி அகலும். அவருக்கு ஐம்பத்தொரு சதவீதத்தின் நிழலில் ஒதுங்கவேண்டிய தேவை இல்லை. 2008இல் அதிகாரிகள் கேட்டபோது மறுத்த அந்த 20 சதவீதத்தை, இன்று சங்கமே தன் உறுப்பினர்களிடம் விவாதத்துக்கு வைக்கலாம். பொபெரெஸ்னி 2013இல் மறைந்தார். அவர் மகன் டாம் 2022இல், கூடுகை தொடங்கிய நாளிலேயே மறைந்தார். அந்த விவாதத்தைத் தொடங்க நிறுவனர் குடும்பத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் காலமும் முடிந்துவிட்டது.